கனிமொழியின் காதும் ஹீலியம் பெட்டியும்

கடலூர் பஸ் ஸ்டாண்டில் பதினோரு வருஷம் மைக் பிடித்தவள் கனிமொழி. வாயை வைத்துப் பிழைத்தவளுக்கு ஊரில் பேர் வாங்கிக் கொடுத்தது காது.

தனியார் பஸ்காரர்கள் சேர்ந்து நடத்திய டைம் ஆபீஸ் அது. நாலடிக்கு நாலடி தகரக் கூண்டு, ஒரு மைக், தலையை மட்டும் ஆட்டும் ஒரு மின்விசிறி. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் பஸ்கள் உறுமிக்கொண்டு நிற்கும். வாய் நிறைய வெற்றிலையும் பல்லிடுக்கில் விசிலுமாக ஒரு கண்டக்டர் ஜன்னலுக்குள் தலையை நீட்டி “ம்ஹூம், ஹும், ம்ம்” என்பார். அடுத்த நொடி மைக்கில் கனிமொழி சொல்வாள்: “பயணிகள் கவனத்திற்கு. எட்டு நாற்பது சிதம்பரம் வண்டி டயர் மாற்றப் போவதால் ஒன்பது ஐந்துக்குப் புறப்படும்.” பண்ருட்டியில் பல் பிடுங்கிக்கொண்டு வந்த ஒரு கண்டக்டர் வாயைத் திறக்கவே முடியாமல் புருவத்தை மட்டும் தூக்கினாராம், அதற்கும் அவள் சரியான நேரத்தை அறிவித்தாளாம். சந்தேகப்படுகிறவர்கள் அவரையே கேட்டுக்கொள்ளலாம். இன்னமும் வடலூர் பக்கம்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்.

அவள் புருஷன் கொளஞ்சியப்பன் குறிஞ்சிப்பாடியை ஒட்டிய ஒரு கிராமத்து முந்திரிக்கொல்லைக்காரன் வீட்டுப் பிள்ளை. கிணற்றில் விழுந்த மோட்டாரை முங்கி எடுப்பதில் கெட்டிக்காரன். ஒரு தடவை அவன் முங்கிய பிறகு மோட்டாருக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பி வந்த போதுதான் தண்ணீரில் முதல் குமிழியே வந்தது என்று அந்தக் கிராமத்தில் சொல்வார்கள். கல்யாணத்துக்கு முன் ஆறு மாதம் தினமும் அந்தத் தகரக் கூண்டின் ஜன்னலில் வந்து, “சிதம்பரம் வண்டி எப்போ?” என்று கேட்டுவிட்டுக் குறிஞ்சிப்பாடி வண்டியில் ஏறிப் போனவன். ஏழாம் மாதம் பெண் கேட்டு ஆள் அனுப்பினான்.

கிணற்றில் முங்கியவன் படிப்படியாகக் கடலில் முங்கக் கற்றுக்கொண்டான். இப்போது மேற்குக் கடலில் எண்ணெய்க் குழாய்களைப் பழுது பார்க்கும் கப்பலில் முக்குளிப்பாளன். நூறு மீட்டருக்குக் கீழே போகிறவர்கள் தினமும் ஏறி இறங்க முடியாது. உடம்பு தாங்காது. அதனால் கப்பலின் தளத்திலேயே ஒரு இரும்பு அறை, சேம்பர் என்பார்கள். அதற்குள் கடலடியின் அழுத்தத்தை ஏற்றிவிட்டு, ஆறு பேரை உள்ளே வைத்துப் பூட்டி, இருபத்தெட்டு நாள் வைத்திருப்பார்கள். வேலை நேரத்தில் பெல் என்கிற கூண்டில் ஏறிக் கடலடிக்குப் போவார்கள், திரும்பி வந்து அதே அறையில் படுப்பார்கள். சாதாரணக் காற்றை அந்த அழுத்தத்தில் சுவாசித்தால் கள் குடித்த மாதிரி தலை சுற்றும். அதற்காக ஹீலியம் கலந்து கொடுப்பார்கள். ஹீலியத்தில் தலை சுற்றாது. ஆனால் வாயைத் திறந்தால் ஆறடி ஆம்பளையும் கோழிக்குஞ்சு.

இந்தக் கோழிக்குஞ்சு பாஷையை மறுபடி மனுஷப் பேச்சாக்க ஒரு பெட்டி உண்டு. கப்பலில் இருந்த வெளிநாட்டுப் பெட்டி போன மாதம் உயிரை விட்டது. புதுப் பெட்டி செய்து தர ஒப்புக்கொண்டவர் சபாபதி.

சபாபதி சிதம்பரத்துக்காரர். தெற்கு வீதியில் வீடு. நடராஜர் கோவில் மணியோசையைக் கேட்டுக்கொண்டே டிரான்சிஸ்டரைப் பிரித்துப் போட்டு வளர்ந்தவர். கடலூர் மஞ்சக்குப்பத்தில், பெரிய மைதானத்தைப் பார்த்த ஒரு மாடியில் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் அவரும், சிந்துஜா என்ற இருபத்தாறு வயது இன்ஜினியர் பெண்ணும், நாலு கம்ப்யூட்டரும். பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் சிந்துஜா எழுதியது. பெட்டி வழியாக வரும் பேச்சு புரிகிறதா என்று கேட்டு எழுத ஆள் தேவைப்பட்டது. முதலில் இரண்டு காலேஜ் பையன்களை உட்கார வைத்தார்கள். நூறு வாக்கியத்தில் ஒருவன் முப்பத்தெட்டு, இன்னொருவன் நாற்பத்தொன்று எழுதினான்.

“அந்தப் பசங்க காதுல எப்பவும் ஒயர் தொங்குது. செவிடாயிட்டானுவோ,” என்று சபாபதி தீர்ப்புச் சொன்னார்.

அப்போதுதான் கப்பலிலிருந்து கொளஞ்சியப்பன் சொல்லி அனுப்பினான்: ஒரு காது இருக்கிறது, என் வீட்டில்தான் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் மைக்குக்குப் பதில் கம்ப்யூட்டர் குரல் வந்து, கனிமொழி இரண்டு வருஷமாக வேலை இல்லாமல் வீட்டில் இருந்த நேரம். மஞ்சக்குப்பம் மாடிக்கு வந்தாள், காதில் ஹெட்போனை மாட்டினாள், எழுதினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.

சபாபதி எழுந்து நின்றுவிட்டார். “கனிமொழி! நீங்க இத்தன வருஷம் எங்கம்மா இருந்தீங்க?”

“பஸ் ஸ்டாண்டுலதான் சார்.”

மூன்று வாரம் அப்படியே போனது. கப்பல் தளத்தில் சிலிண்டரிலிருந்து ஹீலியத்தை இழுத்துப் பேசிய பதிவுகள் வரும், அவள் எழுதுவாள், தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கவில்லை. கப்பலில் முக்குளிப்பாளர்களைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் லூர்துசாமி கடலூர் முதுநகர்க்காரர். முப்பது வருஷம் கப்பல் இன்ஜின் சத்தத்தில் கிடந்தவர். புதுப் பெட்டி வழியாக வருவதில் பாதி அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் மஞ்சக்குப்பத்திலிருந்து தொண்ணூற்றேழு என்று காகிதம் வருகிறது. தன் காதுதான் போய்விட்டதோ என்று அவர் யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரைப் பார்த்துக் காதை வேறு கழுவிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பெல் இறங்குவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமையே ஆறு பேரையும் சேம்பருக்குள் அனுப்பி அழுத்தம் ஏற்றிவிட்டார்கள். சேம்பருக்குள் இருக்கும்வரை பேச்சு புரியாவிட்டாலும் காகிதத்தில் எழுதிக் கேமராவுக்குக் காட்டலாம். நூற்றுப்பத்து மீட்டர் ஆழத்தில், இருட்டில், இரண்டு கையிலும் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு எழுத்தும் கிடையாது, காகிதமும் கிடையாது. குரல் ஒன்றுதான். அது புரிந்தால் உண்டு. பெட்டி சரி என்று கையெழுத்துப் போட வேண்டியவள் கனிமொழி. இறங்கப் போகிறவன் அவள் புருஷன். இதைவிட நம்பிக்கையான ஏற்பாடு உண்டா என்று சபாபதி கேட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் சேம்பருக்குள்ளிருந்தே பேசிய கடைசிக் கட்டுப் பதிவுகள் வந்தன. கனிமொழி எழுதி முடித்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். சிந்துஜா விடைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள், “அக்கா, இங்க ஒரு நிமிஷம் வாங்களேன்,” என்றாள்.

முப்பத்திரண்டாவது வாக்கியம். கனிமொழி எழுதியிருந்தது: *இந்த மழ விட்டதும் கூரைக்கு ஓடு மாத்தணும், ஆளு சொல்லியிருக்கேன், வர்றேன் வர்றேங்கிறான், வரமாட்றான்.*

“ஆமா. அதுக்கென்ன?”

“இந்த ஃபைல் பாதியில நின்னுபோச்சு அக்கா. ‘ஓடு’ங்கறதோட முடிஞ்சிடுது. அப்புறம் நாலு செகண்டு வெறும் இரைச்சல். சேம்பர்ல காத்து மாத்தியிருக்காங்க.”

“இல்லம்மா. அவரு சொன்னாரு. நான் கேட்டேன்.”

“சொல்லல அக்கா.”

“வரமாட்றான்னு ஒரு இழுப்பு இழுத்தாரு. அது கூட என் காதுல விழுந்துச்சே!”

சிந்துஜா ஹெட்போனைக் கொடுத்தாள். கனிமொழி கேட்டாள். *வரமாட்றான்* என்று தெளிவாகக் கேட்டது, இழுப்போடு. இன்னொரு தடவை கேட்டாள். கேட்டது. கம்ப்யூட்டர் திரையில் குரல் ஓடும்போது மலையும் பள்ளமுமாகக் கோடு ஓடும்; சிந்துஜா விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கோடு வேலிக்கம்பி மாதிரி ஒரே சீராகப் போனது. மூன்றாவது தடவை அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். *வரமாட்...* என்று ஏதோ வந்தது. நாலாவது தடவை உஸ்ஸென்ற இரைச்சல் மட்டும்.

கனிமொழி ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். இல்லாத குரல் எப்படிக் கேட்டது? இது கேட்டதில்லை என்றால், மற்றதெல்லாம் கேட்டதுதானா? புளிசாதத்தை மூடி வைத்துவிட்டாள்.

“சிந்து, இந்த வாக்கியமெல்லாம் யாரு எழுதிக் குடுத்தது?”

“யாரும் எழுதல அக்கா. சார்தான் இயல்பா பேசணும்னாரு. வாயில வர்றத பேசிட்டு, பேசினத அப்புறம் எழுதி அனுப்புங்கன்னு சொல்லிட்டாரு.”

“பேசினது யாரு யாரு?”

சிந்துஜா பட்டியலைப் பார்த்தாள். மைக் என்றதும் மற்ற ஐந்து பேரும் தூக்கம் வருகிறது என்று படுத்துக்கொண்டார்களாம். எல்லாப் பதிவும் கொளஞ்சியப்பன்.

அவன் வாயில் வருவது என்ன என்று கனிமொழிக்குத் தெரியாதா? காரைக்காடு, ஆலப்பாக்கம், பெரியப்பட்டு, புதுச்சத்திரம் என்று அவள் மைக்கில் சொன்ன ஊர்ப் பெயர்களை வரிசை மாறாமல் ஒப்பித்திருந்தான். மிச்சமெல்லாம் வீட்டில் தினமும் பேசுவது. ரசத்தில் மிளகு ஜாஸ்தி. கொல்லையில் பன்றி புகுந்தது. ஓடு மாற்ற ஆள் வரவில்லை. பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக்கேட்டு, அவன் மூச்சை இழுத்தாலே அவளுக்கு வாக்கியம் முடிந்துவிடும்.

சபாபதியிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “புரிஞ்சுதா இல்லியா? புரிஞ்சுது. எப்படிப் புரிஞ்சா என்னம்மா?”

“கீழ எறங்கினா அவரு ரசத்தப் பத்தியா சார் பேசப் போறாரு?”

சபாபதி தலையைச் சொறிந்தார். காலேஜ் பையன்களின் முப்பத்தெட்டும் நாற்பத்தொன்றும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். “ஒண்ணு செய்யலாம். நேரா பேசிப் பாருங்க. கப்பலுக்கு லைன் போடுறேன். நீங்க எதிர்பாக்காதத அவர் சொல்லட்டும். புரிஞ்சா பொட்டி பாஸ்.”

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் திரையில் கொளஞ்சியப்பன் வந்தான். வெற்று மார்பும், தோளில் துண்டும், வழக்கமான மீசையுமாகச் சேம்பர் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கட்டத்தில் கப்பல் கட்டுப்பாட்டு அறையில் லூர்துசாமி. மஞ்சக்குப்பத்தில் மூன்று பேரும் திரையைச் சுற்றி.

“மாமா, நான் நெனச்சிப் பாக்காதது ஏதாச்சும் சொல்லு,” என்றாள் கனிமொழி.

மீசைக்குக் கீழிருந்து பெட்டி வழியாகக் கரகரவென்று ஒரு குரல் வந்தது.

“நீ நெனச்சிப் பாக்காததுன்னா எதுன்னு கேக்குறாரு,” என்று கனிமொழி மற்றவர்களுக்குச் சொன்னாள். “எனக்கெப்படித் தெரியும்? நெனச்சிப் பாக்காததுன்னு சொல்றேன்ல?”

கரகர.

“சாப்ட்டியான்னு கேக்குறாரு. சாப்ட்டேன் மாமா. அது தெரிஞ்சது. வேற.”

கரகர, கர.

“பெரியவனுக்குப் பீஸ் கட்டியாச்சான்னு கேக்குறாரு. கட்டியாச்சு. வேற!”

கொளஞ்சியப்பன் மோட்டுவளையைப் பார்த்தான். தாடையைத் தடவினான். மூச்சை இழுத்தான்.

“ஆடு வாங்கணும்கற. அதானே?”

அவன் இழுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டுத் தலையாட்டினான். இன்னும் பேசவே இல்லை.

“அட, பன்னண்டு வருஷத்துல புதுசா ஒரு வார்த்த கெடையாதா உங்கிட்ட?”

லூர்துசாமி அடக்க முடியாமல் சிரித்தார். “தங்கச்சி, எங்க வூட்லயும் இதே கததான். விடு.”

சேம்பருக்குள் கொளஞ்சியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். பிறகு கேமராவைப் பார்க்காமல், கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு எதையோ சொன்னான். நீளமாகவே சொன்னான்.

கனிமொழிக்கு ஒன்றும் புரியவில்லை.

“என்னா மாமா?”

மறுபடி சொன்னான்.

“என்னா?”

மூன்றாம் தடவை மெதுவாகச் சொன்னான். உதடு அசைகிறது. மீசை அசைகிறது. சத்தம் வருகிறது. தகரத்தின் மேல் யாரோ சரளைக் கல்லைக் கொட்டுகிற மாதிரி இருந்தது. பல் பிடுங்கிய கண்டக்டரின் புருவத்தையே படித்தவள், தாலி கட்டியவன் வாயைப் பார்த்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள்.

“விருத்தாசலம்னு ஏதோ சொல்றார்,” என்றார் சபாபதி.

“இல்ல சார், வெளக்கெண்ணெய்ங்கறாரு,” என்றாள் சிந்துஜா.

“எனக்கும் புரியல தங்கச்சி,” என்றார் லூர்துசாமி. இப்போது சிரிக்கவில்லை. அவர் குரலில் ஒரு நிம்மதியும் இருந்தது, காதுக்கு ஒன்றுமில்லை என்று.

கனிமொழி நினைத்துப் பார்த்தாள். இதே மனுஷன் இதே மாதிரி கடலடியில் நின்று ஏதோ ஒன்றைச் சொல்லுவான். மேலே எல்லோரும் இப்படித்தான் முழிப்பார்கள். ஒருத்தர் விருத்தாசலம் என்பார், ஒருத்தர் விளக்கெண்ணெய் என்பார்.

“எழுதிக் காட்டச் சொல்லுங்கண்ணே.”

கொளஞ்சியப்பன் மார்க்கரை எடுத்தான், பாதி எழுதினான், நிறுத்தினான், மறுபடி எழுதினான். காகிதத்தைக் கேமரா பக்கம் காட்டினான். மஞ்சக்குப்பத்துத் திரையில் எழுத்து மங்கலாக இருந்தது. லூர்துசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படிக்க ஆரம்பித்து, நிறுத்திவிட்டார்.

“வேணாம் தங்கச்சி. ஃபேமிலி மேட்டர்.”

“படிங்கண்ணே! டெஸ்ட்டு இது!”

லூர்துசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு பைபிள் வாசிக்கிற குரலில் படித்தார். “ஒங்கம்மா சுடுற அதிரசம் எனக்கு ஆவாது. கல்லு மாரி இருக்கும். பன்னண்டு தீவாளியா கொளத்துல மீனுக்குப் போட்டுட்டேன். மீனும் திங்கல.”

சிந்துஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்கு உயிர் என்று வருஷா வருஷம் முப்பது அதிரசம் தனியாகச் சுட்டு அனுப்புகிறவள் கனிமொழியின் அம்மா தங்கம்மாள். இந்தத் தடவை கப்பலுக்கே ஒரு டின் கொடுத்து அனுப்பியிருந்தாள். சேம்பருக்குச் சாப்பாடு அனுப்பும் குட்டிக் கதவு வழியாக அதுவும் உள்ளே போயிருந்தது. அந்த அழுத்தத்தில் காலி பிஸ்கட் டப்பா கூட அப்பளமாக நசுங்கிவிடும். அதிரசத்தில் ஒரு கீறல் விழவில்லை என்று பின்னாளில் ஆறு பேரும் சத்தியம் செய்தார்கள்.

கனிமொழிக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டுக்கும் அடியில் பயம் அப்படியே இருந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல், மேஜை மேலிருந்த காகிதத்தை இழுத்து, ‘புரியவில்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“அப்ப நாளைக்கு பெல் எறங்காது,” என்றார் லூர்துசாமி. “நாலு நாள் தர்றேன் சபாபதி சார். அதுக்குள்ள முடிஞ்சா பாருங்க. இல்லன்னா அழுத்தம் எறக்கி ஆறு பேரையும் வெளிய கூட்டியாந்துடுவேன்.”

சபாபதி நாற்காலியில் சரிந்தார். “எல்லாரும் இந்த மாதிரி வீட்டுக்குத் தெரியாத ரகசியத்தச் சொன்னா நல்ல டெஸ்ட்டா இருக்கும்,” என்றார். லூர்துசாமி சேம்பருக்குள் கேட்டுப் பார்த்தார். மற்ற ஐந்து பேரும் மறுபடி தூக்கம் வருகிறது என்று படுத்துக்கொண்டார்கள்.

யாரும் ஊகிக்க முடியாத வாக்கியத்துக்கு எங்கே போவது? சாயங்காலம் வரை மூன்று பேரும் யோசித்தார்கள். சிந்துஜா யோசித்த வாக்கியமெல்லாம் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருந்தது. சபாபதி சொன்னதெல்லாம் கோவில் அறிவிப்பு மாதிரி இருந்தது. பாதியைக் கேட்டாலே மீதி வந்துவிடும். கனிமொழி வீட்டுக்குப் போய், பீரோவுக்கு மேலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துவந்தாள். டைம் ஆபீஸில் பதினோரு வருஷம் அவள் எழுதிய நோட்டு அது: பஸ்ஸில் ஜனங்கள் விட்டுப்போன பொருட்கள்.

*இடது கால் செருப்பு ஒன்று, புதியது. பல்செட், மேல்வரிசை மட்டும். அட்டைப்பெட்டியில் வாத்துக்குஞ்சு நாலு, ஒன்று நொண்டி. கல்யாணப் பத்திரிகை இருநூறு, மாப்பிள்ளை பேர் அடித்துத் திருத்தியது.*

சிந்துஜா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். “அக்கா, இதுல எதையும் யாரும் முன்கூட்டியே நெனைக்க முடியாது!”

“முடியாது. ஆனா நான் நெனைப்பேன். எழுதினது நாந்தானே?”

அப்படியாக ஊரின் நம்பர் ஒன் காது அந்த வேலைக்கு லாயக்கில்லாமல் போனது. நோட்டைப் படம் எடுத்துக் கப்பலுக்கு அனுப்பினார்கள். இந்தத் தடவை லூர்துசாமி போட்ட போட்டில் ஆறு பேரும் முறை வைத்துப் படித்தார்கள். கேட்பதற்கு, நோட்டையும் பார்க்காத, இவர்களையும் தெரியாத ஆட்கள் வேண்டும். திங்கட்கிழமை காலை சபாபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார். மஞ்சக்குப்பத்துக் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்க வந்தவர்களுக்கா பஞ்சம்? டீயும் வடையும் உண்டு, காதில் ஒன்று மாட்டுவோம், கேட்டதைச் சொன்னால் போதும் என்று மரத்தடியிலிருந்து ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார்.

திருவதிகையிலிருந்து பட்டாவில் பேர் மாற்ற வந்த ஒரு பெரியவர்தான் முதல் ஆள். ஹெட்போனை மாட்டியதும் அவர் முகம் சுருங்கியது. “யாருங்க இது, தொண்ட கட்டின கீரிப்புள்ள மாரி?”

“மனுஷங்கதான் ஐயா. என்னா சொல்றாருன்னு சொல்லுங்க.”

“...கால் செருப்பு ஒண்ணு, புதுசுங்கறான். எந்தக் கால்னு மொதல்ல சொன்னான், அது வுழல.”

கனிமொழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்து வந்த அம்மாள்: “...குஞ்சு நாலுங்கறாரு. என்னா குஞ்சுன்னு தெரியல.” மூன்றாமவர், நாலாமவர். எல்லோருக்கும் முதல் வார்த்தை விழவில்லை.

“சிந்து, பொட்டிக்கு மொதல் வார்த்த ஏன் எட்ட மாட்டேங்குது?”

“பொட்டி அந்தக் குரலப் புடிச்சி அளவெடுக்கவே ஒரு நொடி ஆவுது அக்கா. ஹீலியத்துல தொண்டை அதேதான், வாய் மட்டும் சுருங்கிப்போன மாதிரி சத்தம் வரும். எவ்ளோ சுருங்கியிருக்குன்னு பாத்துதான் விரிக்கணும். அந்த அளவும் சரியா வெக்கல. உங்க மார்க்கப் பாத்துட்டு நான் அதத் தொடவே இல்ல.”

“நாங்க மைக்குல எதுக்கு ‘பயணிகள் கவனத்திற்கு’ன்னு ஆரம்பிக்கிறோம்னு நெனக்கிற? கூட்டத்துல மொதல் வார்த்த யாரு காதுலயும் ஏறாது. அது போறதுக்குன்னே சொல்ற வார்த்தம்மா. அது போனதும் வர்றதுதான் சேதி.”

சிந்துஜா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து தட்டினாள். கப்பலுக்குச் சேதி போனது: எதைச் சொன்னாலும் முன்னால் ஒரு வீண் வார்த்தை போடுங்கள். என்ன வார்த்தை என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். கொளஞ்சியப்பன் சொன்ன யோசனையாம்: “ரைட் ரைட்.”

திங்கட்கிழமை காலை ஐம்பதில் பத்தொன்பது. மாலை முப்பது. செவ்வாய்க்கிழமை மறுபடி ஆள் பிடித்தார்கள். வடை ருசி பரவியிருந்ததால் தானாகவே படியேறினார்கள். அன்று மாலை முன்பின் தெரியாத பதினோரு பேர் சராசரியாக ஐம்பதுக்கு நாற்பத்தாறு சரியாகச் சொன்னார்கள். சாட்சிக் கையெழுத்து வாங்கியபோது மூன்று பேர் அந்தப் படிவத்திலேயே பட்டா எண்ணையும் கோரிக்கையையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். லூர்துசாமி நோட்டைப் பார்க்காமல் தன் காதால் தனியாக ஐம்பது கேட்டார். நாற்பத்தெட்டு. யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல், “நாளைக்கு எறக்குறேன்,” என்றார்.

புதன்கிழமை காலை கனிமொழி மஞ்சக்குப்பம் மாடியில் ஹெட்போனோடு உட்கார்ந்தாள். அவளை யாரும் வரச் சொல்லவில்லை. கேட்கத்தான் அனுமதி, பேச முடியாது. பெல் இறங்கியது. எழுபது, தொண்ணூறு, நூற்றுப்பத்து. கொளஞ்சியப்பன் கூண்டிலிருந்து வெளியே வந்து குழாய் மேல் நிற்கிறான் என்றார் லூர்துசாமி.

“ரைட் ரைட், நட்டு துருப்புடிச்சிருக்கு.” இவ்வளவு தெளிவாகக் கேட்டதும் கனிமொழிக்கு ஒரே சிரிப்பு. அடுத்து ஸ்பானரைத் தூக்கி எறிவான், அப்புறம் சலித்துக்கொள்வான் என்று நினைத்துக்கொண்டாள். அவன் நிஜமாகவே சலித்துக்கொண்டான். கிணற்று மோட்டாருக்குச் சொன்ன அதே வார்த்தை. அதற்கு அடுத்தது சுத்தியல் கேட்பான் என்று காத்திருந்தாள்.

குரல் வந்தது. சுத்தியல் என்றுதான் அவள் காதில் விழுந்தது. ஆனால் லூர்துசாமி உடனே, கொஞ்சமும் தயங்காமல், “கேட்டுது. சூடு ஏத்துறேன். வேலய நிறுத்திட்டு பெல்லுகிட்ட வந்து நில்லு,” என்றார். பின்னால் யாரிடமோ அதட்டினார். காலடிச் சத்தம். ஏதோ வால்வு திருகும் ஓசை.

கனிமொழி சிந்துஜாவின் கையைப் பிடித்தாள். “என்னா ஆச்சு? சுத்திதான கேட்டாரு?”

“இல்ல அக்கா. டிரஸ்ஸுக்குள்ள வர்ற வெந்நி ஜில்லுன்னு ஆயிடிச்சாம். அந்த ஆழத்துல வெந்நி நின்னா பத்து நிமிஷத்துல கை வெறச்சிடும். தெளிவா சொன்னாரே, நான் கேட்டேனே!”

கனிமொழி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஹெட்போனில் இரைச்சல் மட்டும். அது மூன்று நிமிஷம் என்று சிந்துஜா பிற்பாடு சொன்னாள். விருத்தாசலத்துக்கு நடந்தே போய்த் திரும்பி வந்திருக்கலாம் என்று கனிமொழி சொன்னாள்.

“இப்ப எப்படிடா இருக்கு?” என்றார் லூர்துசாமி.

“ரைட் ரைட். இப்ப இதமா இருக்குண்ணே.”

சபாபதி நாற்காலியை விட்டு எழுந்து, ஜன்னலுக்குப் போய், மைதானத்தைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். சிந்துஜா கைதட்டினாள். கனிமொழிக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. அவனைக் கடலூரே புரிந்துகொள்கிறது. பட்டா மாற்ற வந்தவர் புரிந்துகொள்கிறார், லூர்துசாமி புரிந்துகொள்கிறார். அவளுக்கு மட்டும் சுத்தியல் கேட்டது. சந்தோஷப்படுவதா, ரோஷப்படுவதா? பன்னிரண்டு வருஷத்தில் இப்படி எத்தனை தடவை அவன் ஒன்றைச் சொல்ல, அவள் சுத்தியலைக் கேட்டிருப்பாள்?

கடலுக்கடியில் அவன் மூச்சை இழுப்பது கேட்டது. ஆடு என்று அவள் மனசுக்குள் வந்தது. விரலால் நெற்றியை அழுத்தி அதை விரட்டினாள். ஓடு என்று வந்தது, அதையும் விரட்டினாள். பேனாவின் மூடியைக் கழற்றி, வெள்ளைத் தாளில் ஒன்று என்று எண் போட்டாள். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் முதல் நாள் வேலைக்கு வந்தவள் மாதிரி, வாயைக் கொஞ்சம் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.